உவரிக் கரைக்கு முதல் வள்ளம்: பழைய 28 அடியா, புதிய 20 அடியா?

ஐயா, உவரியிலிருந்து தம்பியுடன் கரையோரத்தில் தூண்டிலும் செவுள் வலையும் போட, பழைய 28 அடி ஃபைபர் வள்ளத்தை வாங்குவதா, புதிய 20 அடியை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டே பேர் என்றால் 20 அடியே போதும் என்பது என் கருத்து. ஏனெனில் மணற்கரையிலிருந்து அலைக்குள் தள்ளி இறக்குவதும், திரும்பி வந்து மேட்டில் ஏற்றுவதும் அன்றாட வேலை என்பதால், வள்ளத்தின் எடைதான் உங்களை அதிகம் சோதிக்கும். ஆனால் அணியம் (வள்ளத்தின் முன்பகுதி) நன்கு உயர்ந்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சிறிய வள்ளம் பல நாள் கரையிலேயே கிடக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பழையதையே வாங்குவதானால், உடல் முழுவதையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை மாறி மொத்தென்று கேட்கும் இடத்தில் ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். எஞ்சினை மேலும் கீழும் அசைக்கும்போது அதைத் தாங்கும் பின்பலகை நெளிந்தால், உள்ளிருக்கும் மரம் தண்ணீர் குடித்து இற்றிருக்க வாய்ப்பு அதிகம். மேலே பூசிய புதுச் சாயத்தில் மயங்க வேண்டாம் (விற்பவர்கள் முதலில் செய்வதே அதுதான்). எஞ்சின் ஓடும்போது பக்கத் துளையிலிருந்து தண்ணீர் தொடர்ந்து பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குளிர்விக்கும் பம்பு தேய்ந்தோ வழி அடைத்தோ இருக்கும். மீன்வளத் துறையில் பதிவைப் பெயர் மாற்றிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.