பயறில் வண்டு, பையில் புளித்த மாவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சலுகை விலையில் கிடைத்ததே என்று பச்சைப்பயறு 5 கிலோ வாங்கினோம். வீட்டில் இரண்டே பேர். இரண்டு மாதத்தில் டப்பா முழுக்க வண்டு. கடையில் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள். (வாசகி, கடலூர்)

பதில்: இரண்டு பேருக்கு 5 கிலோ பயறு எதற்கு? வாரம் இரண்டு தடவை சுண்டல் செய்தாலும், தடவைக்கு 100 கிராம் என்றால் மாதம் ஒரு கிலோவைத் தாண்டாது. அரை வருஷச் சரக்கை வாங்கி, ஒருநாள் வெயிலில்கூடக் காயவைக்காமல் டப்பாவில் கொட்டிவிட்டுக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த வண்டு வயலிலேயே பயற்றங்காயின் மேல் முட்டையிட்டுவிடும். மூட்டையோடுதான் கடைக்கு வருகிறது. பயறை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டத் துளை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். பாக்கெட் வழியாகவே துளை தெரிந்தால், பிரிக்காமல் பில்லோடு அன்றைக்கே கொண்டுபோங்கள், மாற்றித்தான் தரவேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிமேல் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். வாங்கியதும் இறுக்கி மூடி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. சில்லிப்பு முழுசாகப் போனபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் பயறின் மேல் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: "24 மணி நேரத்தில் உரம்" என்ற விளம்பரத்தை நம்பி 28,000 ரூபாய்க்கு மின்சார உர எந்திரம் வாங்கினேன். அதில் வந்த பொடியைத் தொட்டியில் போட்டதும் பூஞ்சை பூத்து, இரண்டு ரோஜாச் செடி பட்டுப்போய்விட்டது. விற்ற கம்பெனியைக் கேட்டால், நான் அளவு தெரியாமல் போட்டுவிட்டேனாம். (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மக்குவது நுண்ணுயிர்களின் வேலை, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இப்படி விற்கும் எந்திரங்களில் பெரும்பாலானவை சோற்றையும் தோலையும் சூடாக்கி, ஈரத்தை விரட்டி, அரைத்துத் தருகின்றன. உங்கள் கைக்கு வந்தது காய்ந்த சாப்பாட்டுப் பொடி. தொட்டியில் தண்ணீர் பட்டதும் அது அழுகத் தொடங்கும், சூடேறும். சாம்பார், ஊறுகாயின் உப்பும் சேர்ந்துகொண்டால் வேர் என்ன பாடுபடும்!

இரண்டு ஸ்பூன் பொடியை நனைத்து, மூடிபோட்ட பாட்டிலில் மூன்று நாள் வையுங்கள். ஊசல் வாடை அடித்தால் அது மக்கவில்லை. படம் எடுத்து வையுங்கள். பில், விளம்பரத்தின் படம், அவர்கள் அனுப்பிய பதில் மூன்றையும் சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தவறான விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

இருக்கும் பொடியை வீணாக்க வேண்டாம். ஒரு பங்குக்கு நாலு பங்கு மண் கலந்து, புட்டு மாவுப் பதத்தில் ஈரம் வைத்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு மாதம் கழித்து, சூடும் வாடையும் அடங்கியபின் செடிக்குப் போடலாம்.

கேள்வி: மக்கும் பிளாஸ்டிக் பை என்று எழுதியிருந்தது. உரப்பானையில் நாலு மாதமாக அப்படியே கிடக்கிறது.

பதில்: அந்தப் பை மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடுள்ள பெரிய உரக்கூடம் வேண்டும், வெளியே எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள்.

கேள்வி: கடை இட்லி மாவு மூன்றாம் நாளே புளித்துப் பாதி வீணாகிறது. எந்தக் கம்பெனி மாவு நல்லது? (வாசகி, சேலம்)

பதில்: கம்பெனியை விடுங்கள், கடைக்காரரின் ஃபிரிட்ஜைப் பாருங்கள். பை பந்துபோல உப்பியிருந்தால் மாவு கடையிலேயே புளித்துவிட்டது. தட்டையாக, தொட்டால் சில்லென்று இருக்கும் பையை எடுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் சூடு ஏறுவது அங்கேதான். உள் தட்டில் பின்பக்கமாக வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் தனியே ஊற்றிக்கொண்டு மீதியை உடனே உள்ளே தள்ளுங்கள். வெளியே நின்ற மாவைத் திரும்ப அதில் கொட்டக் கூடாது. புளித்துவிட்டால் இரண்டு கப் மாவுக்கு அரை கப் பச்சரிசி மாவு, வதக்கிய வெங்காயம் சேர்த்துப் பணியாரம் ஊற்றுங்கள். மேலே ரோஸ் நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் வழித்துப் போட்டுவிட்டு மீதியை எடுக்காதீர்கள். மொத்தமும் போகட்டும்.

கேள்வி: பிரிக்காத ரவை பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி முடிந்து நாலு நாள். கொட்டிவிடட்டுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: கொட்டாதீர்கள். பிரித்து மோந்து பாருங்கள். சிக்கு வாடை, கட்டி, நூலாம்படை மாதிரி புழுக்கூடு எதுவும் இல்லையென்றால் வறுத்து உப்புமா கிண்டுங்கள்.

'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் மணமும் குறையாமல் இருக்கும் என்று கம்பெனி சொல்லும் கெடு. 'எக்ஸ்பைரி', 'யூஸ் பை' என்பது வேறு. அதைத் தாண்டினால் விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. இரண்டும் அச்சிட்டிருந்தால் எக்ஸ்பைரியைத்தான் பார்க்க வேண்டும். பால், பனீர், இறைச்சி விஷயத்தில் மூக்கை நம்பாதீர்கள், நோய்க்கிருமிக்கு வாடை இருக்காது.

இந்தத் தேதியை அச்சடிக்கும் லட்சணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாக்கெட்டின் மடிப்பில், கறுப்புப் பட்டையின் மேல் கறுப்பு மையில், ஈரக்கை பட்டால் அழிகிற மாதிரி அடிக்கிறார்கள். லேபிள் எழுத்து தெளிவாக, அழியாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேதி படிக்க முடியாததாலேயே நல்ல பொருள் எத்தனை வீட்டில் குப்பைக்குப் போகிறது! படிக்க முடியாத பாக்கெட்டை வாங்காதீர்கள். செயலி வழியாக வாங்கினால் வாசலிலேயே தேதியைப் பாருங்கள். டெலிவரியின்போது ஆயுளில் 30 சதவீதமாவது அல்லது 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய விற்பனையாளர்களிடம் சொல்லியிருக்கிறது. குறைந்தால் படம் எடுத்துப் பணம் கேளுங்கள். பழைய தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

கேள்வி: பர்னர் மேல் வைக்கும் வலை கேஸை மிச்சம் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. நானும் வாங்கி ஏமாந்த பொருள் அது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. வலை தீயைக் குளிர்விப்பதால் வாயு முழுசாக எரிவதில்லை. கடலையை இரவே ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள், மிச்சம் தானாகத் தெரியும்.

கேள்வி: வெங்காயம், உருளைக்கிழங்கு போட ஒரு பெரிய கூடை வாங்கலாமா?

பதில்: சின்னதாக இரண்டு வாங்குங்கள். உருளையின் ஈரத்தில் வெங்காயம் அழுகும். உருளைக் கூடையைத் துணியால் மூடுங்கள், வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும்.