படம் பார்த்துக் கதை சொல்லும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் இரண்டு படிக்கிறாள். கதைப் புத்தகத்தை விரித்தால் எழுத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்கிறாள். சோம்பேறித்தனம் என்கிறார் அவளுடைய அப்பா. படமில்லாத புத்தகம் வாங்கிக் கொடுத்தால் சரிவருமா?

ஒரு தாய், நிலாவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். சோம்பேறிப் பிள்ளை கதை கட்டாது, அதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

என்ன படம் என்பதுதான் விஷயம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வாசிக்கத் தொடங்கிய 60 பிள்ளைகளின் கண் எங்கே போகிறதென்று கருவி வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள். ஒரே புத்தகத்தின் பாதியில் படங்கள் அப்படியே இருந்தன. மறுபாதியில் கதைக்குச் சம்பந்தமில்லாததை எடுத்துவிட்டார்கள். எடுத்த பக்கங்களில் கண் அலைவது குறைந்தது, கதையும் நன்றாக விளங்கியது.

'மான் புல் தின்றது' என்ற வரிக்கு மானும் புல்லும் போதும். மூலையில் தொப்பி போட்ட எலி இருந்தால் கண் அங்கேதான் போகும். (திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் மான் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு மான் என்ன புதினம்? எலியின் தொப்பிதான் புதினம்.) படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்த புத்தகங்களையும் நான் வாங்கமாட்டேன்.

எங்கள் எழுத்து கேட்கிற வேலையும் கொஞ்சமல்ல. 'கொக்கு' என்று வாசிக்க, முதலில் கண்ணில் படும் கொம்பை மனதில் வைத்துக்கொண்டு க-வைப் பார்க்கவேண்டும். 'கெ' என்று வாயில் வருவதை அடக்கி, அடுத்திருக்கும் அரவையும் (ா) பார்த்துத்தான் 'கொ' என்று சொல்லலாம். நினைவில் பிடிப்பது, அவசரத்தை அடக்குவது, மாற்றி யோசிப்பது எல்லாம் ஓரெழுத்துக்குள்ளேயே நடக்கிறது. இதற்கிடையில் எலி வேறு.

அந்த மாற்றி யோசிப்பைப் பழக்கலாம். கெலி கார்ட்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல் அட்டைகளை ஓசையாலும் பொருளாலும் ஒரேநேரத்தில் பிரிக்கக் கொடுத்தார். அப்படிப் பழகிய பிள்ளைகளுக்கு வாசித்தது விளங்குவதும் கூடியது என்று 2002இல் எழுதினார். நீங்களும் அட்டை வெட்டி எழுதுங்கள்: மாடு, மான், மாம்பழம், மாதுளை, பசு, பன்றி, பலா, பப்பாசி. தாளில் நாலு கட்டம் கீறுங்கள். மேல்வரிசை மிருகம், கீழ்வரிசை பழம். இடப்பக்கம் 'ம', வலப்பக்கம் 'ப'. பன்றியையும் பப்பாசியையும் ஒரே கட்டத்தில் வைத்தால் உடனே திருத்தாதீர்கள், ஏனென்று கேளுங்கள். ஓசையை மட்டும் பார்த்திருப்பாள்.