புது மருந்து ‘விலைக்கேற்ற பலன் தரும்’ என்கிறார்கள்: அந்தக் கணக்கை எங்கே தொட்டுப் பார்ப்பது?

கேள்வி: கோவையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் மருந்துத் தேர்வுக் குழுவின் செயலாளரும் நான்தான். ஒரு கம்பெனிக்காரர்கள் தங்கள் புதிய மருந்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வந்தார்கள். இப்போது நாங்கள் தரும் மருந்தைப் போல நான்கு மடங்கு விலை. ஆனால் ‘ஒரு குவாலிக்கு 4.2 லட்சம் ரூபாய்தான், எனவே காஸ்ட் எஃபெக்டிவ்’ என்று ஒரு ஸ்லைடு காட்டினார்கள். டாக்டர்கள் தலையாட்டிவிட்டார்கள். எனக்குத்தான் உறுத்துகிறது. அந்த எண் எப்படி வருகிறது? அடுத்த கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. அந்த ஸ்லைடில் பொய் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் இருக்காது. கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை ஆண்டுக்கு நீட்டினார்கள், எந்த நோயாளியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்ற மூன்றும் முடிவானபோதே 4.2 லட்சமும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உங்கள் கேள்விகள் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் குவாலி. முழு ஆரோக்கியத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் அது ஒரு குவாலி. நோயோடு வாழும் ஆண்டுக்கு மதிப்பு குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பெரும்பாலும் ஈ.க்யூ-5டி என்ற கேள்வித்தாளை வைத்து அளக்கிறார்கள். நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட அலுவல், வலி, மனக்கலக்கம் என்று ஐந்தே கேள்விகள். பதில்களைப் பொறுத்து 0.8, 0.6 என்று ஒரு மதிப்பு வரும். புது மருந்தால் கூடுதலாக ஆகும் செலவை, கூடுதலாகக் கிடைக்கும் குவாலியால் வகுத்தால் உங்கள் ஸ்லைடில் இருந்த எண் வந்துவிடும்.

மருந்து கம்பெனிகள் இந்தக் கணக்கை விரும்பிக் கற்றுக்கொள்ளவில்லை. அரசுப் பணத்தில் மருந்து வாங்க வேண்டுமென்றால் பொருளாதாரக் கணக்கும் தர வேண்டும் என்று ஆஸ்திரேலியா 1993 முதல் கட்டாயமாக்கியது. எந்த மருந்துக்கு அரசுப் பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு இங்கிலாந்தில் 1999-ல் வந்தது. ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்ட் என்ற வரம்பை வைத்துக்கொண்டு அது நெடுங்காலம் மருந்துகளை ஏற்றும் தள்ளியும் வந்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பெரிய கம்பெனியிலும் இதற்கென்றே ஒரு துறை முளைத்தது. மூன்றாம் கட்டச் சோதனையை (விற்பனை அனுமதிக்கு முன் நோயாளிகளிடம் நடக்கும் பெரிய சோதனை) திட்டமிடும்போதே அந்தத் துறை உள்ளே வந்துவிடும், ஈ.க்யூ-5டி கேள்வித்தாளைச் சோதனையிலேயே சேர்த்துவிடும். சோதனை முடிந்ததும் தலைமையகத்தில் எக்செல்லில் ஒரு கணக்கு மாதிரி (மாடல்) தயாராகும். உங்களிடம் வந்தது அநேகமாக அதன் இந்தியப் பதிப்பு.

ஒரு நிஜ மருந்தை எடுத்துக்கொண்டு நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப். பேயர் கம்பெனி நெக்ஸாவர் என்ற பெயரில் விற்றது. 2008-ல் வெளியான பெரிய சோதனையில், மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், எடுக்காதவர்களுக்கு 7.9 மாதம். வித்தியாசம் 2.8 மாதம், அதாவது சுமார் 0.23 ஆண்டு. அந்த மாதங்களின் தரம் 0.7 என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம்). கிடைப்பது 0.16 குவாலி. இங்கிலாந்தில் மாதச் செலவு சுமார் 3,000 பவுண்ட். ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் மருந்து எடுத்தால் 16,000 பவுண்ட். வகுத்தால் ஒரு குவாலிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்ட்!

பேயர் இந்த எண்ணைக் காட்டவில்லை. அவர்கள் காட்டியது இதைவிட நன்றாகவே குறைவு. எப்படி? இடைநிலை என்பது பாதி நோயாளிகள் இறந்துபோகும் புள்ளி. மீதிப் பாதிப் பேரில் சிலர் நெடுநாள் வாழ்வார்கள். வரைபடத்தில் வால் போல நீளும் அந்தப் பகுதியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் லாபம் கூடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சராசரியை எடுப்பதுதான் முறையும்கூட. சிக்கல் என்னவென்றால், சோதனை முடிந்த நாளில் அந்த வாலைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு சமன்பாட்டை வைத்து வரைகிறார்கள். எந்தச் சமன்பாடு என்பதைப் பொறுத்து வால் நீளும், குட்டையாகும். ஒவ்வொரு நான்காவது பெட்டியும் இலவசம் என்ற சலுகையைச் சேர்த்த பிறகும் கணக்கு 50,000 பவுண்டைத் தாண்டியே நின்றது. 2010-ல் நைஸ் மருந்தைத் தள்ளிவிட்டது. 2017-ல், வெளியே சொல்லாத ஒரு தள்ளுபடிக்குப் பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

அதே மருந்து இந்தியாவில் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் ஹைதராபாத்தின் நாட்கோ என்ற மருந்து கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே தயாரித்து விற்கும் அனுமதி) வழங்கியது. நாட்கோ வைத்த விலை 8,880 ரூபாய். மேலே போட்ட அதே மேலோட்டமான கணக்கில், பேயர் விலைக்கு ஒரு குவாலி 90 லட்சம் ரூபாயைத் தாண்டும். நாட்கோ விலைக்கு மூன்று லட்சத்துக்குள் வந்துவிடும். மூலக்கூறும் சோதனையும் அதே, நோயாளிக்குக் கிடைக்கும் 2.8 மாதமும் அதே. ‘இந்த மருந்து காஸ்ட் எஃபெக்டிவ்’ என்ற வாக்கியத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ‘இந்த விலையில்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் அது வாக்கியம். உங்கள் ஸ்லைடில் இருந்த கணக்கு எந்த விலையில் போடப்பட்டது? எம்.ஆர்.பி.யிலா, உங்களுக்குத் தரப்போகும் கொள்முதல் விலையிலா, ‘இத்தனை பெட்டி வாங்கினால் மீதி இலவசம்’ என்ற நோயாளி உதவித் திட்டத்தையும் கழித்த பிறகா? நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து, எந்த நோயாளி? இதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள், டாக்டர்கள் உட்பட. கொழுப்பைக் குறைக்கும் எவலோகுமாப் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த ஃபூரியே சோதனையில் 27,564 பேர். சுமார் 2.2 ஆண்டு முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு வந்தன, எடுக்காதவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு. ‘15 சதவீதம் ஆபத்து குறைந்தது’ என்று ஸ்லைடில் போடலாம். ஒருவருக்கு அப்படி நேராமல் தடுக்க 67 பேருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஊசி போட வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே தகவல்தான். ஆனால் உங்கள் கொள்முதல் பட்ஜெட்டுக்கு இரண்டாவதுதான் உதவும்.

அந்த ஆண்டே, அதே சோதனையை வைத்து அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வுகள் வெளிவந்தன. தயாரிப்பாளரான ஆம்ஜென் நிதியளித்த ஆய்வில் ஒரு குவாலிக்குச் சுமார் 2,69,000 டாலர். சுயேச்சையான ஆய்வாளர்களின் கணக்கில் சுமார் 4,50,000 டாலர். இந்த இடைவெளியின் பெரும் பகுதி ஒரே ஒரு எண்ணிலிருந்து வருகிறது: மருந்து இல்லாவிட்டால் நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து? ஆம்ஜென் தரப்பு, சோதனையில் சேர்க்கப்பட்டவர்களைவிட வெளியே இருக்கும் நோயாளிகள் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி, 100 பேருக்கு ஆண்டுக்கு 6.4 நிகழ்வுகள் என்று வைத்தது. ஃபூரியேயில் நடந்தது 4.2தான். அந்த எண்ணைப் போட்டால் தங்கள் கணக்கும் நான்கு லட்சம் டாலரைத் தாண்டிவிடும் என்பதை அதே கட்டுரையில் அவர்களே எழுதியிருந்தார்கள். எதையும் மறைக்கவில்லை. ஆனால் தலைப்பு எண்ணை மட்டும் ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுவருபவர் அந்த இடத்தைக் காட்ட மாட்டார். 2018 அக்டோபரில் ஆம்ஜென் பட்டியல் விலையை 14,000 டாலருக்கு மேலிருந்து 5,850 டாலராக இறக்கியது. ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தது அதைத்தான்.

உங்கள் குழுவுக்கு இதிலிருந்து ஒரு நேரடிப் பயன் உண்டு. மருந்தை எல்லா நோயாளிக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. ஆபத்து அதிகமுள்ள பிரிவினருக்கு மட்டும் கணக்கு எப்படி வருகிறது என்று தனியாகக் கேளுங்கள். பல மருந்துகளில் அந்தச் சிறு பிரிவில் மட்டும் கணக்கு நிஜமாகவே நன்றாக இருக்கும்.

ஒப்பீட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஏசி கால்டாக்சி விமானத்தைவிட மலிவு என்றால் உண்மைதான். உங்கள் நோயாளி டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தால் அந்த உண்மை எதற்கு? உங்கள் ஸ்லைடில் ஒப்பிட்ட மருந்து நீங்கள் இப்போது நிஜமாகத் தருவதுதானா, அதே டோஸா, ஜெனரிக் விலையா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்றதை எல்லாம் படிக்கவே வேண்டாம்.

இந்தியப் பதிப்பு என்றேனே, அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிநாட்டு மாதிரியில் செலவுக் கட்டங்களை மட்டும் ரூபாயாக மாற்றுவார்கள். ‘தவிர்க்கப்பட்ட மருத்துவமனை அனுமதி’ என்று ஒரு வரியில் பெரிய சேமிப்பு இருக்கும். அந்த அனுமதிக்கு என்ன கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெருநகரக் கார்ப்பரேட் மருத்துவமனையின் தொகையாக இருந்தால் சேமிப்பு ஊதிப்போயிருக்கும். உங்கள் வார்டு கட்டணத்தை அந்தக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். அந்தச் சேமிப்பு யாருடையது என்பது இன்னொரு கேள்வி. கைக்காசு கொடுக்கும் நோயாளிக்கு அது சேமிப்பு. முதலமைச்சர் காப்பீட்டில் வருபவருக்கானது திட்டத்தின் சேமிப்பு. மருத்துவமனைக்கோ, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அது வருமான இழப்பு. நான்கு மடங்கு விலையை யார் கொடுக்கிறார், சேமிப்பு யாருக்குப் போகிறது என்று இரண்டு பத்தியாக எழுதினால் மேசையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும்.

இப்போது அந்த 4.2 லட்சம். ‘எனவே காஸ்ட் எஃபெக்டிவ்’ என்பதில் உள்ள ‘எனவே’ எங்கிருந்து வந்தது? தனிநபர் சராசரி ஜி.டி.பி.யின் மூன்று மடங்குக்குள் இருந்தால் சரி என்ற பழைய விதியைப் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் புழங்கிய விதி அது. அதைத் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2016-ல் எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இந்த மதிப்பீட்டைச் செய்ய, மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இயங்கும் எச்.டி.ஏ.இன் அமைப்பு பின்பற்றுவது ஒரு மடங்கைத்தான். இன்றைக்கு அது ஏறக்குறைய இரண்டரை லட்சம். அந்த அளவுகோலில் உங்கள் மருந்து தேறவில்லை. உங்கள் மருத்துவமனையை எச்.டி.ஏ.இன் வரம்பு கட்டுப்படுத்தாது. ஆனால் கம்பெனி ஏன் வேறு வரம்பை எடுத்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. குவாலி மதிப்பையும் கேளுங்கள். இந்தியர்களிடமே கேட்டுத் தயாரித்த ஈ.க்யூ-5டி மதிப்பெண்கள் 2022 முதல் இருக்கின்றன. அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் மதிப்பெண்ணையே பயன்படுத்தியிருந்தால் காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வரம்புக்குள் வரும் மருந்துகூடக் கையைக் கடிக்கலாம். ஹெபடைட்டிஸ் சி நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் 2013 இறுதியில் அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலையில் வந்தது. நோய் முழுதாகக் குணமாவதால் பல ஆய்வுகளில் குவாலி கணக்கு நன்றாகவே வந்தது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்ததால் மாநில அரசுகள் மிரண்டு, கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்பாடு போட்டன. ஆகவே ஒரு குவாலிக்கு எவ்வளவு என்பதோடு, ஓர் ஆண்டில் உங்கள் மருத்துவமனைக்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதாவிட்டால் உங்கள் ஓ.பி. பதிவேட்டை வைத்து நீங்களே அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

கூட்டத்துக்கு முன்பே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பி.டி.எஃப். வேண்டாம், எக்செல் மாதிரியே வேண்டும் என்று கேளுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் கேட்டால் போட்டுக்கொடுங்கள், அது வழக்கம்தான். கைக்கு வந்ததும் நான்கு கட்டங்களை மாற்றுங்கள்: உங்கள் கொள்முதல் விலை, உங்கள் வார்டு கட்டணம், சோதனையில் பதிவான ஆபத்து அளவு, மருந்தின் பலன் நீடிக்கும் காலம். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ‘ஆயுள் முழுவதும்’ என்று இருக்கும்; அதைச் சோதனை நடந்த காலம் மட்டும் என்று மாற்றுங்கள். நான்கையும் மாற்றிய பிறகும் எண் பெரிதாக நகரவில்லை என்றால் அந்த எண்ணை நம்பலாம்; அது உங்கள் குழு ஏற்கும் வரம்புக்குள்ளும் பட்ஜெட்டுக்குள்ளும் இருந்தால் சேருங்கள். இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று தாவினால், எந்தக் கட்டம் தாவ வைத்தது என்பதைக் குழுவிடம் காட்டுங்கள். டாக்டர்களோடு வாதாடுவதைவிட அது சுலபம்.

மாதிரியைத் தர மறுத்தால் அதற்காக மருந்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பேரத்துக்கு வேறு வழி இருக்கிறது. 2007-ல் இங்கிலாந்தில் மைலோமா புற்றுநோய்க்கான வெல்கேட் மருந்துக்கு, முதல் சில சுழற்சிகளில் பலன் தெரியாத நோயாளிகளின் மருந்துச் செலவைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகே நைஸ் பச்சைக்கொடி காட்டியது. அந்த அளவுக்குப் பேச உங்கள் மருத்துவமனைக்கு வலு இருக்காது. ஆனால் ‘ஆறு மாதத்துக்கு, இந்தப் பிரிவு நோயாளிகளுக்கு மட்டும், முதல் மாத மருந்து உங்கள் செலவு, பலன் தெரிந்தால் இரண்டாம் மாதத்திலிருந்து நாங்கள் வாங்குகிறோம்’ என்று எழுத்தில் கேட்கலாம். சில கம்பெனிகள் ஒப்புக்கொள்ளக்கூடும். பலன் என்றால் எந்தப் பரிசோதனையில் எவ்வளவு மாற்றம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘டாக்டரின் கருத்துப்படி’ என்று விட்டுவிட்டால் ஆறாவது மாதம் எல்லோருக்கும் பலன் தெரிந்திருக்கும்.