வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு கேமின் எல்லா அச்சீவ்மென்ட்டுகளையும் எடுக்க முடியுமா?

முடியும். நான் எடுத்தேன். அச்சீவ்மென்ட் என்றால் கேம் வைக்கிற ஒரு சவாலை முடித்ததற்குக் கிடைக்கும் பதக்கம். முதல் தடவை முக்கால் கிணறு தாண்டிய பிறகு விழுந்தேன், இரண்டாம் தடவைதான் கரையேறினேன். விழுந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதைக் கேட்டவர் பொதுவாக அச்சீவ்மென்ட் பற்றிக் கேட்கவில்லை. மேலிருந்து பார்க்கிற கோணம், நாலா பக்கமும் பூதங்கள், நாம் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ரகக் கேம்களில் பட்டியலை முழுசாக முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்த ரகத்தின் மீது எனக்குப் பழைய பாசம் உண்டு. இடைநிலைப்பள்ளி நாட்களில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிசியில் (சைபர் கஃபே) மணிக்கு 2 ரிங்கிட் கொடுத்து கிரிம்சன்லாண்ட் ஆடியிருக்கிறேன். பின்லாந்தின் டென்டன்ஸ் நிறுவனம் உருவாக்கி 2003-இல் வந்தது. திரை முழுக்கச் சிலந்தி, பல்லி, பிணப்பூதம். நடுவில் நாம் ஒரு ஆள். 2 ரிங்கிட் தீர்வதற்குள் எத்தனை லெவல் என்பதுதான் அப்போதைய அச்சீவ்மென்ட்.

நான் முழுசாக முடித்தது வேம்பயர் சர்வைவர்ஸ். லூகா கலான்டே என்ற இத்தாலியர் பான்கிள் என்ற பெயரில் உருவாக்கியது. 2021 டிசம்பரில் கணினிக் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் அரைகுறையாக வந்து, 2022 அக்டோபரில் முழுமையாக வெளியாகி, 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த கேம் விருதை வாங்கியது. கைப்பேசிக்கு 2022 டிசம்பரில் இலவசமாகவே வந்துவிட்டது. பெயரில்தான் வேம்பயர், பல வாரம் ஆடியும் ஒரு ரத்தக்காட்டேரியையும் நான் பார்க்கவில்லை.

இதில் சுடுவது நம் வேலை இல்லை. ஆயுதங்கள் தாமாகவே பாயும். நாம் செய்வது நகர்வது மட்டும், அதற்கு ஒரு கட்டைவிரல் போதும். ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கொமுட்டர் ரயில் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான கேம் கிடையாது. நான் பத்துமலை ஸ்டேஷனில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறவன். பயணம் ஏறக்குறைய அரை மணி நேரம். இந்தக் கேமில் ஒரு ஆட்டமும் 30 நிமிடம். 30 முடிந்ததும் அரிவாளோடு எமன் வந்து கதையை முடித்துவிடுவான். பத்துமலையில் தொடங்கினால் கே.எல். சென்ட்ரலை நெருங்கும்போது எமன் வருவான். அலுவலகத்துக்குப் போகும் மனநிலைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

நகர்வது மட்டும்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். எனக்கு இது கொஞ்சம் கைவந்ததற்குக் காரணம் தைப்பூசம் என்று நம்புகிறேன். சின்ன வயதிலிருந்தே தண்ணீர்ப் பந்தலில் நின்றவன் நான். கையில் குவளைத் தட்டோடு அந்தக் கூட்டத்துக்குள் போய்வர வேண்டும். நேராக மோதினால் தண்ணீர் தலையில்தான். கூட்டம் போகிற பக்கமே கொஞ்சம் சாய்ந்து போய், இரண்டு காவடிக்கு நடுவே ஒரு சந்து திறக்கும்போது நுழைய வேண்டும். பூதக் கூட்டத்திலும் அதேதான். புதிதாக ஆடுபவர்கள் எதிர்த் திசையில் ஓடுவார்கள், அங்கேயும் ஒரு கூட்டம் நிற்கும். பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களை ஒரே கொத்தாகச் சேர்த்து, சந்து தெரிந்தால் உள்ளே புகுந்து, சிந்திக் கிடக்கும் மணிகளைப் பொறுக்க வேண்டும். அந்த மணிகள்தான் அனுபவப் புள்ளி. பொறுக்காதவன் லெவல் ஏற மாட்டான்.

சரி, அச்சீவ்மென்ட்டுக்கு வருவோம். டிஎல்சிகளையும், அதாவது பிறகு தனியாக வருகிற கூடுதல் பகுதிகளையும், சேர்த்தால் ஸ்டீமில் பட்டியல் 200-ஐத் தாண்டும். முதலில் பார்த்தபோது எனக்கும் பகீரென்றது. ஆனால் இந்தக் கேமில் பெரும்பாலான அச்சீவ்மென்ட்டுகள் வெறும் பதக்கங்கள் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கும். புது ஆள், புது ஆயுதம், புது இடம். முதல் இடமான மேட் ஃபாரஸ்ட்டில் லெவல் 20 தொட்டால் அடுத்த இடமான இன்லெய்ட் லைப்ரரி திறக்கும். அங்கே 40 தொட்டால் டெய்ரி பிளாண்ட், அங்கே 60 என்றால் காலோ டவர், அங்கே 80 என்றால் கப்பெல்லா மாஞ்ஞா. ஆகவே முதல் பாதியில் நீங்கள் அச்சீவ்மென்ட்டைத் துரத்த வேண்டியதே இல்லை. ஆடுங்கள், அது தானாக விழும். முதல் நாளே யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. கேமின் உள்ளேயே அன்லாக்ஸ் என்ற பக்கத்தில் எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பச்சையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். எனக்கு அது புரியவே மூன்று மாதம் ஆனது. நிபந்தனைகள் இரண்டு சாதி. ஒன்று, எல்லா ஆட்டங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவது. இன்னொன்று, ஒரே ஆட்டத்துக்குள் நடந்தாக வேண்டியது. 3,000 எலும்புக்கூடுகளைக் கொன்றால் மொர்டாச்சோ என்ற ஆள் கிடைப்பான், மொத்தம் 1,00,000 பூதங்களைக் கொன்றால் குரோச்சி கிடைப்பான். இதெல்லாம் முதல் சாதி. இதற்கென்று ஒரு நிமிடமும் செலவழிக்கக் கூடாது. நான் செலவழித்தேன். எலும்புக்கூடு எங்கே எங்கே என்று காட்டுக்குள் அலைந்து, அதற்காகவே ஆறு ஏழு ஆட்டத்தை வீணாக்கினேன். சும்மா ஆடியிருந்தாலே அது அடுத்த வாரம் தானாக வந்திருக்கும்.

இரண்டாம் சாதிக்குத்தான் திட்டம் வேண்டும். ஒரே ஆட்டத்தில் 5,000 தங்கக் காசு சேர்த்தால் தொம்மாரியோ, ஒரே ஆட்டத்தில் 1,000 உயிர்ப் புள்ளியை மீட்டால் சூவோர் கிளெரிச்சி. ஒரு கட்டத்தில் பேராசைப்பட்டு ஒரே ஆட்டத்தில் காசும் சேர்க்கலாம், உயிரும் மீட்கலாம், பூண்டு என்ற ஆயுதத்தை லெவல் 7-க்கும் ஏற்றலாம் என்று போனேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆயுதத்துக்கு 6 இடம், துணைப் பொருளுக்கு 6 இடம், அவ்வளவுதான். மூன்று வேலைக்கும் பொருள் எடுத்தால் எதற்கும் பலம் இருக்காது. அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். காசு என்றால் காசு வரவைக் கூட்டும் ஸ்டோன் மாஸ்க்கை முதலிலேயே எடுத்துவிடு, மற்றதை மற. உயிர் மீட்க வேண்டுமென்றால் சவுக்கை லெவல் 8 வரை ஏற்று, கூடவே ஹாலோ ஹார்ட் என்ற துணைப் பொருளை வைத்திரு. 10 நிமிடத்துக்குப் பிறகு பெரிய பூதம் போடும் பெட்டியைத் திறந்தால் சவுக்கு பிளடி டியர் என்ற பலமான ஆயுதமாக மாறும், அடிக்க அடிக்க உயிர் ஊறும். நான் அதோடு வேண்டுமென்றே அடி வாங்கிவிட்டு, தரையில் கிடக்கும் கோழியைத் தேடித் தேடித் தின்றேன். ஒரு கோழிக்கு 30 புள்ளி.

அந்தப் பெட்டி திறக்கும் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம், இசை, சுழற்சி, காசு மழை. கலான்டே முன்பு சூதாட்ட விளையாட்டுத் துறையில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்ததும் எனக்கு ஆச்சரியமே இல்லை. சூதாட்ட விடுதி இருக்கிற கெந்திங் மலைக்குப் போய் வந்த என் சித்தப்பாவின் முகத்தில் பார்த்த அதே பிரகாசம், என் முகத்தில் ரயில் ஜன்னலில் தெரிந்தது.

எரிச்சலூட்டியது பென்டகிராம். அதை லெவல் 7-க்கு ஏற்றினால் கிறிஸ்டீன் கிடைப்பாள். திரையில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்து எடுக்கிற ஆயுதம் அது. துடைக்கும்போது நாம் பொறுக்க வேண்டிய மணிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். மணி இல்லாமல் லெவல் எப்படி ஏறும்? வீட்டைக் கூட்டச் சொன்னால் மோதிரத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுகிற ஆளை வேலைக்கு வைத்த மாதிரி. வேறு ஆயுதங்களை முதலில் பலமாக்கிவிட்டு, இதைக் கடைசியில் எடுத்தபோதுதான் நடந்தது.

சிரிக்க வைத்தது கர்ஸ், அதாவது சாபம். கர்ஸ் கூடக் கூடப் பூதங்களின் வேகம், பலம், எண்ணிக்கை எல்லாம் ஏறும். 10 சதவீத கர்ஸோடு 20 நிமிடம் பிழைத்திருந்தால் லாமா என்ற ஆள் கிடைப்பார். இந்த கர்ஸை கேமுக்குள் சேர்த்த தங்கம் கொடுத்து வாங்க வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று என் பாட்டி சொன்னதை அன்றுதான் எழுத்துப் பிசகாமல் செய்து பார்த்தேன். நல்லவேளை, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வந்துவிடும்.

இனி எமன். 30 நிமிடத்தில் வருகிற அவனைக் கொல்வதும் பட்டியலில் ஒன்று. அவன் உயிர் நம் லெவலைப் பொறுத்துப் பெருகும், நேர்வழியில் சுட்டு மாளாது. நான் போன வழி இதுதான். முதலில் மஞ்சள் குறி என்ற பொருளை ஹோலி ஃபார்பிடன் என்ற இடத்தில் போய் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் வரைபடத்தில் இரண்டு மோதிரமும் இரண்டு பதக்கமும் காவலோடு தென்படும். மோதிரங்களை உச்சத்துக்கு ஏற்றி, கிளாக் லான்செட் என்ற ஆயுதத்தோடு சேர்த்தால் இன்ஃபினிட் காரிடார் என்ற ஆயுதம். பதக்கங்களை உச்சத்துக்கு ஏற்றி, லாரல் என்ற ஆயுதத்தோடு சேர்த்தால் கிரிம்சன் ஷ்ரௌட். முதலாவது சுற்றிலும் உள்ளவர்களின் உயிரைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தால் என்ன, பாதியின் பாதியின் பாதி என்று போனால் எமனும் இளைத்துப்போவான். இரண்டாவது, அவன் அரிவாள் நம்மை ஒரே வெட்டில் முடிக்காமல் தாங்கிக்கொள்ளும். கூடுதல் செய்தி: தாமதித்தால் நிமிடத்துக்கு ஒரு எமன் வீதம் புதிதாக வருவான்.

முதல் தடவை இது ரயிலில் நடந்தது. கே.எல். சென்ட்ரல் வந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது, எமன் பாதி இளைத்த நிலையில் நிற்கிறான். நான் இறங்கவில்லை. அவன் விழுந்தபோது ரயில் அடுத்த ஸ்டேஷனான மிட் வேலியில் நின்றது. அன்று வேலைக்கு 40 நிமிடம் தாமதம். மேலாளரிடம் வயிற்று வலி என்றேன். கேமை இடையில் நிறுத்தி வைக்கிற பொத்தான் ஒன்று திரையிலேயே இருக்கிறது என்பது மறுபடி கே.எல். சென்ட்ரல் திரும்பும் ரயிலில்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் அந்த விழுந்த கதை. தீபாவளி போனஸில் புதுக் கைப்பேசி வாங்கி, பழையதைத் துடைத்து அம்மாவுக்குக் கொடுத்தேன். கேமின் சேமிப்பு எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. எட்டு மாத உழைப்பு, எமனைக் கொன்றது உட்பட எல்லாம், அம்மா நாடகம் பார்க்கிற கைப்பேசியில் கரைந்துபோனது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்தேன்.

ஒரு மாதம் கேம் பக்கமே போகவில்லை. பிறகு மடிக்கணினியில் ஸ்டீமில் வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பாதி நேரம்கூட ஆகவில்லை. என் கை வேகம் கூடவில்லை, எலும்புக்கூடுகளைத் தேடி அலையாததுதான் வித்தியாசம். இடையில் ஒரு தலைவலி: முடிக்கப் போகிற நேரத்தில் புது டிஎல்சி வரும், அதன் அச்சீவ்மென்ட்டுகளும் அதே பட்டியலில் ஏறும், 100 சதவீதத்தை நெருங்கிய கணக்கு மறுபடி கீழே இறங்கும். 2024 மே மாதம் கான்ட்ரா என்ற பழைய துப்பாக்கிக் கேமோடு கூட்டுச் சேர்ந்து ஆபரேஷன் கன்ஸ் என்ற டிஎல்சி வந்தது. நிஜத் துப்பாக்கிகள், சின்ன வயது கான்ட்ரா நினைவு, அதனால் முணுமுணுக்காமல் வாங்கினேன். எல்லா டிஎல்சியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பச்சை டிக் மீது வெறி இல்லையென்றால் அடிப்படைக் கேமே மாதக்கணக்கில் ஓடும்.

எவ்வளவு நேரம் என்று நேரடியாகக் கேட்டால், ஸ்டீம் எனக்குக் காட்டுவது 140 மணி நேரம் சொச்சம். கைப்பேசியில் போனது கணக்கில் இல்லை. நாளுக்கு ஒரு ஆட்டம், சனி ஞாயிறு இரண்டு மூன்று என்று போட்டுக்கொண்டால் வேலையும் கெடாது, வீட்டில் சண்டையும் வராது. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கினால் வீட்டு அமைதிக்கு நான் உத்தரவாதம் இல்லை.

இரண்டாம் தடவை எமனைக் கொன்றது வீட்டுக் கூடத்தில். அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து, எமன் திரும்பும்போதெல்லாம் "லாரி மாமா, லாரி!" என்று கத்தினான். மலாயில் ஓடு என்று அர்த்தம், பள்ளிக்கூடப் பழக்கம். ஓடக் கூடாது, பக்கத்திலேயே நின்றால்தான் சாவான் என்று விளக்க எனக்கு நேரமில்லை. எமன் விழுந்ததும் அவன்தான் எழுந்து குதித்தான். இப்போது அவன் வகுப்பில் எல்லாரிடமும் எமனைக் கொன்றது தான்தான் என்று சொல்லி வைத்திருக்கிறான். அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.