வீடியோ வகுப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆன்லைனில் ஒரு மணி நேரம் கணக்கு நடத்துகிறேன். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள், கவனிக்கிறார்களா என்றே தெரியவில்லை. கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

பதில்: வேண்டாம். கேமராவில் முகம் தெரிவதால் மட்டும் மாணவர் பாடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அதோடு, பல முகங்களை நெருக்கத்தில் பார்த்துக்கொண்டு, தன் முகத்தையும் ஓயாமல் பார்த்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பதே பெரிய களைப்பு என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் விளக்கி எழுதினார். தனி அறை இல்லாத பிள்ளைக்கு இன்னும் சங்கடம்.

நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஒரு மணி நேரப் பேச்சை. எட்எக்ஸ் தளத்தின் பாட வீடியோக்கள் பார்க்கப்பட்ட 69 லட்சம் முறைகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலோர் ஆறு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் விளக்கத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து முதல் நாளே அனுப்பிவிடுங்கள், நேரலையை முழுக்கக் கணக்குப் போடுவதற்கே வையுங்கள்.

ஒரு கணக்கைக் கொடுங்கள், எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்யட்டும், ஆனால் நீங்கள் சொல்லும்வரை அனுப்பக்கூடாது. "சரி, இப்போது" என்றதும் எல்லா விடைகளும் ஒரே நேரத்தில் வந்து விழும், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத வழியில்லை, யார் எந்தப் படியில் சறுக்கினார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இப்படி இடையிடையே சோதித்தால் மனம் அலைவது குறைகிறது என்பதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல், 21 நிமிடப் புள்ளியியல் பாடம் ஒன்றை நான்கு துண்டாக்கிக் காட்டினார்கள். கேமராவைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: நெட் அடிக்கடி தடுமாறுகிறது, படமும் குரலும் சேர்ந்தே போய்விடுகின்றன. என்ன செய்ய?

பதில்: முதலில் குரலைக் காப்பாற்றுங்கள். பேச்சுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபிட் இருந்தால் போதும், படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே உங்கள் முகத்தை அணைத்துவிட்டு ஸ்லைடை மட்டும் காட்டுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும், செல்போனில் பார்ப்பவர்களே நிறைய. அப்புறம் ஹெட்செட் மைக். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் பாடமே போச்சு. ரெக்கார்டிங்கையும் டவுன்லோடு செய்யும்படி, குறைந்த அளவில் போட்டு வையுங்கள்.

கேள்வி: என் மகள் பாட வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறாள். மனதில் நிற்குமா?

பதில்: நிற்கும். கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சோதனையில் இரண்டு மடங்கு வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை, அதற்கு மேல்தான் சரிந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த பாடங்களில் ஒன்று ரோமப் பேரரசின் வரலாறு. கணக்கு, இயற்பியல் என்றால் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அடுத்த வரியைத் தானே எழுதிப் பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.