மனச்சோர்வும் மூளையும்: கேளுங்கள், சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மூளை ஸ்கேன் படங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள், மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை.

கேள்வி: மனைவிக்கு மனச்சோர்வு. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் "ஏன் முறைக்கிறீங்க?" என்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

இல்லை சார். சாதாரண முகம்கூட அவர்களுக்குச் சோகமாகத் தெரிவது பல ஆய்வுகளில் வந்த விஷயம். மூளையில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு, பயம் மாதிரி உணர்ச்சிகளைக் கவனிக்கிற இடம். 2001இல் ஷெலைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பயந்த முகத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டி, உடனே சாதாரண முகத்தால் மறைத்தார்கள். பார்த்ததே தெரியாது, ஆனாலும் மனச்சோர்வு உள்ளவர்களின் இடது அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளியது, சிகிச்சைக்குப் பின் தணிந்தது. பார்த்ததே தெரியாத முகத்துக்கு ஒருவர் வேண்டுமென்றே எப்படி எதிர்வினை காட்டுவார்?

கேள்வி: ஸ்கேன் எடுத்தால் எனக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தெரியுமா?

தெரியாது. ஆய்வுகள் சொல்வது குழுவின் சராசரி. காசை வீணாக்காதீர்கள்.

கேள்வி: எல்லாமே வெளிறித் தெரிகிறது, பிரமையா?

பிரமை என்று தள்ள வேண்டாம். 2010இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் விழித்திரையின் மின்சமிக்ஞையை அளந்தபோது, கருப்பு வெள்ளை வேறுபாட்டுக்கு அது காட்டிய பதில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் குறைந்திருந்தது. கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கி ஒரு வாரம், பலனில்லை. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆக்ஸ்ஃபர்டில் கேத்தரின் ஹார்மர் என்ற ஆய்வாளர் காட்டியபடி, மாத்திரையால் மற்றவர் முகங்களைப் படிக்கும் விதம் முதலில் மாறுகிறது, மனசு தேற வாரக்கணக்காகும். எழுதித் தந்தவரிடம் பேசுங்கள்.

கேள்வி: தம்பி நாள் முழுக்க சோகப்பாட்டு கேட்கிறான், அதுதான் கெடுக்கிறது. போனைப் பிடுங்கிவிடவா?

ஐயோ, வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று ஓர் ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கேட்டபோது, அமைதியாக இருக்கிறது என்றார்கள்.

இன்னொருவர்: சோகம் சோகத்தைத்தானே வளர்க்கும்? எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள். மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் என்ற இடத்தின் ஒரு பகுதி மற்றவர்களிடம் இனிய ஒலிக்கு அதிகம் விழிக்கிறது, மனச்சோர்வு உள்ளவர்களிடம் சோக ஒலிக்கு. ஆக, குத்துப்பாட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் நடக்காது. பாட்டு முடிந்தபின் எழுந்து சாப்பிட்டானா, அதே நினைப்பில் கிடக்கிறானா, அதைப் பாருங்கள்.

அவரே: அப்படியே கிடந்தால்?

அப்போது பாட்டை விடுங்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: ஸ்கேன் எடுத்தால்...

மேலே பாருங்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.