மும்பை ஜூஹு பீச் ஹோட்டல்: ஏசி சொட்டுது, ரூம் நாறுது

கடல் பார்த்த ரூம்ல ஏசி சொட்டுது, கார்ப்பெட் நாறுதுன்னு கேட்டிருந்தீங்க. சொட்டுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஏசி தண்ணி வெளியே போற பைப்ல பாசி அடைச்சிருக்கிறதுதான், ஊதி எடுத்தா சரியாகிடும். அதுவரை பால்கனிக் கதவைச் சாத்தியே வைங்க. ஜூலை மாச ஈரக்காத்து உள்ள வந்தா இன்னும் சொட்டும். கார்ப்பெட் நாத்தம் மட்டும் போகாது. ஸ்ப்ரே அடிச்சு சமாளிப்பாங்க, ஒத்துக்காதீங்க. டைல்ஸ் போட்ட, கடலுக்கு முதுகு காட்டுற ரூமா மாத்திக் கேளுங்க. கடல் பக்கம் உப்புக்காத்துல ஸ்லைடிங் கதவோட ரோலர் அரிச்சு, கதவு முழுசா மூடாம சாரல் புகுந்துடும். மழைக்காலத்துல அந்தக் கலங்கல் தண்ணியைப் பார்க்க எதுக்குங்க கூடுதல் காசு? புது ரூம்ல பெட்டியை வைக்கிறதுக்கு முன்னாடி மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பாருங்க, கட்டிலுக்குப் பின்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுத்தா அதுவும் வேண்டாம்.